சுவருக்கு வெளியே ஒரு வார்டு

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் ஓர் அறையில் 1993-ல் தொடங்கிய வலி நிவாரணப் பணி, ஆதரவு தேடி ஆக்ஸ்ஃபோர்டு வரை போனது. கடைசியில் அதைத் தோளில் தாங்கியது பக்கத்துத் தெரு.

கோழிக்கோட்டில் டவுன் பஸ்கள் பச்சை நிறம். மானாஞ்சிறையில் ஏறிக் கிழக்கே சுமார் 10 கி.மீ. போனால் மருத்துவக் கல்லூரி. யார் எங்கே இறங்குவார்கள் என்பதைக் கையில் இருப்பதை வைத்தே சொல்லிவிடலாம். டிபன் பாக்ஸ்காரர்கள் வழியில் இறங்கிவிடுவார்கள். எக்ஸ்ரே உறை, சுருட்டிய பாய், கஞ்சிக்கு ஃபிளாஸ்க் என்று வைத்திருப்பவர்கள் ஆஸ்பத்திரி வரை வருவார்கள். வயநாட்டு மலைகளிலிருந்தும் மலப்புறத்திலிருந்தும் இன்னும் வடக்கேயிருந்தும் முதலில் கோழிக்கோட்டுக்கு வந்து, பிறகு இந்தப் பச்சை பஸ்ஸைப் பிடித்தவர்கள் இவர்கள். 1957-ல் தொடங்கிய இந்தக் கல்லூரியின் மருத்துவமனைதான் வட கேரளத்து ஏழைகளுக்குக் கடைசிப் புகல்.

அந்தக் கடைசிப் புகலிலும் ஒரு வாக்கியம் காத்திருக்கும்: 'இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.' உலகின் எல்லாப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் தினமும் சொல்லப்படும் வாக்கியம்தான். கோழிக்கோட்டின் விசேஷம், அது பொய் என்று அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே சிலர் சொல்லத் தொடங்கியது.

நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியைக் குறைக்கலாம். புண்ணின் நாற்றத்தைப் போக்கலாம். மூச்சுத்திணறலைத் தணிக்கலாம். பயத்தைப் பேசிக் கரைக்கலாம். இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மலையாளத்தில் 'சாந்த்வன பரிசரணம்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆட்டோ ஓட்டுநரிலிருந்து மீன் விற்கிறவர் வரை எல்லோரும் சொல்வது 'பாலியேட்டிவ்' என்றுதான். மருத்துவக் கல்லூரி வாசலில் இறங்கி 'பாலியேட்டிவ் எங்கே?' என்று கேட்டால் போதும், வழி கிடைத்துவிடும். மருத்துவத்தின் ஒரு துறைப் பெயர் இப்படித் தெருவில் புழங்குகிற ஊர் இந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் அப்போது இந்தக் கல்லூரியின் மயக்க மருந்தியல் துறைப் பேராசிரியர். புற்றுநோய் வலியோடு வந்த ஒரு கல்லூரி ஆசிரியருக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டார். வலி போய்விட்டது. தொழில்முறையில் பார்த்தால் வெற்றி. அடுத்து எப்போது வரவேண்டும் என்று நோயாளி கேட்டார். வலிதான் போய்விட்டதே, இனி வரவேண்டியதில்லை என்றார் டாக்டர். தன் நோய் தீராதது என்பது நோயாளிக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. வீட்டுக்குப் போனவர் அன்றிரவே தன் உயிரை முடித்துக்கொண்டார். தான் நரம்பைப் பார்த்தேனே தவிர மனிதனைப் பார்க்கவில்லை என்ற பொருளில் ராஜகோபால் இந்தச் சம்பவத்தைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் தங்கள் வெற்றிகளைச் சொல்லிக் கேட்டுப் பழகிய நாட்டில் இது சற்று அபூர்வம்தான்.

ஊசி போடத் தெரிந்தால் போதாது என்று தெரிந்துவிட்டது. வேறு என்ன தெரிய வேண்டும்? அதைச் சொல்லித்தர அன்றைய மருத்துவக் கல்லூரிகளில் ஆளில்லை, பாடமும் இல்லை. மும்பையில் 1986-ல் சாந்தி அவேதனா ஆசிரமம் என்ற பெயரில் நாட்டின் முதல் ஹாஸ்பிஸ் தொடங்கப்பட்டிருந்தது. சாகும் தறுவாயில் இருக்கும் புற்றுநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் அது. நல்ல முயற்சி. ஆனால் கட்டடமும் கட்டில்களும் கேட்கிற முயற்சி. மருத்துவக் கல்லூரியில் ராஜகோபாலும் அவருடைய சகா டாக்டர் சுரேஷ் குமாரும் எதிர்கொண்ட கூட்டத்துக்குக் கட்டில் போட்டு மாளாது. ஆகவே வெளியே தேடினார்கள்.

வெளியே தேடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. அரபிகள் வந்து தங்கிய ஊர். சீனக் கப்பல்கள் வந்த ஊர். குஜராத்தி வணிகர்களின் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. 1498-ல் வாஸ்கோ ட காமா வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் காப்பாடு கடற்கரை பக்கத்தில்தான். வந்தவரிடமிருந்து சரக்கை வாங்கித் தன் கணக்கில் விற்றுப் பழகிய ஊர் கோழிக்கோடு. வலி நிவாரண விஷயத்திலும் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

இந்த முறை வந்தவர் ஒரு நர்ஸ். பிரிட்டனைச் சேர்ந்த கில்லி பர்ன், 'கேன்சர் ரிலீஃப் இந்தியா' என்ற அமைப்பை நிறுவி இந்தியாவின் ஊர் ஊராகப் போய்ப் புற்றுநோய் வலியை எப்படிக் கையாள்வது என்று டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கற்றுக்கொடுத்துவந்தார். டாக்டர்களுக்கு ஒரு நர்ஸ் பாடம் எடுப்பது நம் ஆஸ்பத்திரிகளில் எளிதில் செரிக்கிற காரியமல்ல. கோழிக்கோட்டில் செரித்தது. அவருடைய உதவியோடு ராஜகோபால் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். அங்கே ஆசிரியர் டாக்டர் ராபர்ட் ட்வைகிராஸ்.

ட்வைகிராஸின் பெயர் இந்தியப் பத்திரிகைகளில் அதிகம் அடிபட்டதில்லை. ஆனால் இன்று உலகெங்கும் புற்றுநோயாளிகள் விழுங்கும் மார்ஃபினுக்குப் பின்னால் அவர் இருக்கிறார். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸில் 1970-களில் ஆராய்ச்சி செய்தபோது, வாய்வழியாகக் கொடுக்கும் ஹெராயினுக்கும் மார்ஃபினுக்கும் பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியவர் அவர். அதுவரை பிரிட்டிஷ் டாக்டர்கள் ஹெராயினே மேல் என்று நம்பியிருந்தார்கள். மற்ற நாடுகளில் ஹெராயினை மருந்தாகக் கொடுப்பது நினைத்தே பார்க்க முடியாத விஷயம். மார்ஃபினே போதும் என்று ஆனபோதுதான் இந்தச் சிகிச்சை கடல் தாண்டும் வாய்ப்பைப் பெற்றது.

1993-ல் 'பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி' பதிவானது. தொடங்கியவர்கள் ராஜகோபால், சுரேஷ் குமார், மருத்துவத் துறையைச் சேராத நண்பர் அசோக் குமார். மூன்றில் ஒருவர் டாக்டர் அல்ல என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அதில் ஒரு முன்னறிவிப்பு இருந்தது.

சொசைட்டி எதற்கு? அரசு ஆஸ்பத்திரியின் இயல்பு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பஞ்சு உருண்டை கூடுதலாக வாங்க வேண்டுமானாலும் கோப்பு நகர வேண்டும். பட்ஜெட்டில் இல்லாத நோய்க்குப் பட்ஜெட்டில் இல்லாத மருந்தை யார் அனுமதிப்பார்கள்? பதிவு செய்த சங்கமானால் நன்கொடை வாங்கலாம், ஆள் வைக்கலாம், மருந்தை இலவசமாகத் தரலாம். ஆஸ்பத்திரி இடம் கொடுத்தது. மற்றதைச் சங்கம் பார்த்துக்கொண்டது. அரசுச் சுவருக்குள் அரசு சாராத ஓர் அறை. நாடு முழுவதும் பல ஆஸ்பத்திரிகள் பிறகு பின்பற்றிய இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: அந்த அறை யாருடைய பொறுப்பும் அல்ல. நடத்துகிறவர்கள் சோர்ந்துவிட்டால் மறுநாள் அது மீண்டும் சாமான் அறை ஆகிவிடும்.

கோழிக்கோட்டு அறை சாமான் அறை ஆகவில்லை. 1990-களின் நடுவில் உலக சுகாதார நிறுவனம் இதை வளரும் நாடுகளுக்கான மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. பிரிட்டனின் அறக்கட்டளைகள் உதவின. வெளிநாட்டு டாக்டர்களும் நர்ஸ்களும் வந்து வகுப்பு எடுத்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், வந்த பணத்தைவிட வந்த பெயர்தான் அதிக வேலை செய்தது என்று தோன்றுகிறது. திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தில் ஒரு கோப்புக்குள் ஜெனீவாவின் லெட்டர்ஹெட் இருந்தால் அது எவ்வளவு வேகமாக நகரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த வேகம் மிகவும் தேவைப்பட்டது ஒரு மாத்திரைக்காக.

மார்ஃபினின் மூலப்பொருள் அபின். உலகில் சட்டப்படி அபின் விளைவிக்கும் சில நாடுகளில் இந்தியா முக்கியமானது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு லைசென்ஸோடு கசகசாச் செடி பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. அங்கிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. அவர்களுடைய நோயாளிகள் வலியின்றித் தூங்கினார்கள். நீமச்சின் வயலில் கூலிவேலை செய்தவருக்குப் புற்றுநோய் வந்தால் அவருக்குக் கிடைத்தது பாராசிட்டமால்.

காரணம் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தல்காரர்களைப் பிடிக்க எழுதிய சட்டம் அது. குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. மார்ஃபினை வாங்கும் விதிகளை மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. மாநிலங்கள் ஆளுக்கொரு விதமாக விதி எழுதின. வைத்திருக்க ஒரு லைசென்ஸ், வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவர ஒன்று, அனுப்பும் மாநிலத்தில் ஒன்று, வழியில் எடுத்துவர ஒன்று. பெரும்பாலும் இவை வெவ்வேறு அலுவலகங்களில் கிடைக்கும். எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக வேண்டும். நாலாவது கிடைக்கும்போது முதலாவது காலாவதியாகியிருக்கும். ஆஸ்பத்திரிகள் பார்த்தன. இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மார்ஃபினைக் கைவிட்டன. 1985-ல் நாட்டில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 716 கிலோ. 1997-ல் 18 கிலோ. சுமார் நூறு கோடி மக்கள் இருந்த நாட்டுக்கு 18 கிலோ. ஒரு கல்யாண வீட்டுக்கு வாங்கும் சர்க்கரையைவிடக் குறைவு.

இதில் இன்னொரு கெடுதலும் நடந்தது. மார்ஃபினையே பார்க்காமல் டாக்டர்களின் ஒரு தலைமுறை படித்து வெளியே வந்தது. லைசென்ஸ் விதியைத் திருத்தினாலும் அவர்கள் மனதில் இருந்த 'அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும்' என்ற பயத்தைத் திருத்த வழியில்லை. வாய்வழியாக, சிறிய அளவில் தொடங்கி, நாலு மணிக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்துக் கொடுத்து, மலச்சிக்கலுக்கு முன்கூட்டியே மருந்து சேர்த்தால், வலியில் இருப்பவருக்கு அது பத்திரமான மருந்து. உலக சுகாதார நிறுவனம் இதை 1986-லேயே எழுதிவைத்துவிட்டது. நம் பாடப்புத்தகங்கள் கண்டுகொள்ளவில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வெளியிலிருந்து கை கொடுத்தவர் டாக்டர் அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வலி மருந்துகள் தொடர்பான அரசுக் கொள்கைகளை ஆராய்ந்துவந்த குழுவின் தலைவர் டேவிட் ஜோரான்சன். சட்டத்தையும் விதிகளையும் வரிவரியாகப் படித்து, எந்த வரி நோயாளிக்குக் குறுக்கே நிற்கிறது என்று காட்டுவது அந்தக் குழுவின் வேலை. இந்திய நண்பர்களோடு சேர்ந்து அவர்கள் மத்திய வருவாய்த் துறை அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். 1998-ல் மத்திய அரசு எளிமையான மாதிரி விதி ஒன்றை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. கேரளம் முதலில் கைக்கொண்ட மாநிலங்களில் ஒன்று. வேறு சில மாநிலங்களில் அந்தக் கடிதம் பல வருடங்கள் தூங்கியது.

'விதியைத் தளர்த்தினால் மாத்திரை தெருவுக்கு வந்துவிடும்' என்பது அதிகாரிகளின் நியாயமான கவலை. அதற்குக் கோழிக்கோடு சொன்ன பதில் ஒரு கணக்குப் புத்தகம். இரண்டு ஆண்டுகளில் 1,723 புற நோயாளிகளுக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தவறாகப் பயன்பட்டதாகவோ கடத்தப்பட்டதாகவோ ஒரு சம்பவம்கூடக் கண்டறியப்படவில்லை. ராஜகோபாலும் ஜோரான்சனும் சகாக்களும் எழுதிய இந்தக் கட்டுரை 2001-ல் 'லான்செட்' இதழில் வந்தது. இந்திய நோயாளியின் நாணயத்துக்கு லண்டன் இதழ் ஒன்று சாட்சி சொல்ல வேண்டியிருந்தது வருத்தம்தான். ஆனால் சாட்சி எடுபட்டது. பிறகும் பதிமூன்று ஆண்டுகள் ஆயின. 2014-ல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பல லைசென்ஸ்களுக்குப் பதில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்று ஆக்கியது.

மருந்து வந்தது, அறிவு வந்தது, பெயரும் வந்தது. இத்தனையும் வந்த பிறகுதான் கோழிக்கோட்டு டாக்டர்கள் ஒரு சங்கடமான உண்மையைக் கவனித்தார்கள். ஓ.பி.க்கு வருகிறவர்கள், வர முடிந்தவர்கள் மட்டுமே. முதுகெலும்பு வரை நோய் பரவியவர் மலையிலிருந்து ஜீப்பில் மூன்று மணி நேரம் குலுங்கி வர முடியாது. வந்தாலும் வண்டி வாடகைக்கு ஆடு விற்றிருப்பார். ஒரு முறை வந்தவர் அடுத்த முறை வராவிட்டால் என்ன ஆனார் என்று தெரியாது. நோயாளிக்குப் பதில் வீட்டார் வந்து மருந்து வாங்கிப் போகலாம் என்று வைத்தார்கள். சுற்று ஊர்களில் கிளை மையங்கள் தொடங்கினார்கள். அப்போதும் டாக்டர் நடுவில், மற்றவர்கள் சுற்றிலும் என்ற பழைய வரைபடம்தான். டாக்டர் லீவு போட்டால் மையம் பூட்டு.

சுரேஷ் குமாரும் நண்பர்களும் வரைபடத்தைத் திருப்பிப் போட்டார்கள். நாட்பட்ட, தீராத நோய் என்பது சமூகப் பிரச்னை. அதற்குள் மருத்துவம் ஒரு பகுதி. நாம் இதைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருடைய வாதம். படுத்த படுக்கையானவர் மாதத்தில் டாக்டரைப் பார்ப்பது ஒரு மணி நேரம் என்றால் மிச்ச நேரம் முழுவதும் மனைவியோடும் மகளோடும் பக்கத்து வீட்டாரோடும் கழிகிறது. அந்த நேரத்தில் அவருக்குக் கஷ்டம் கொடுப்பது வலி மட்டுமல்ல. அரிசி தீர்ந்துபோனது, பையனின் பள்ளிக்கூடம் நின்றுபோனது, நண்பர்கள் வருவதை நிறுத்திவிட்டது. இதற்கெல்லாம் மார்ஃபின் கிடையாது.

சோதனைக் களம் பக்கத்து மாவட்டமான மலப்புறம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே தொடங்கியதுதான் அக்கம்பக்கத்தார் வலைப்பின்னல். விதிமுறை எளிது: வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் வரலாம். 16 மணி நேர வகுப்பு, பிறகு நாலு நாள் அனுபவசாலிகளோடு வீடு வீடாகப் போய்வர வேண்டும். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, பேசாமல் எப்படி உட்கார்ந்திருப்பது, படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்வது, படுத்தவரைப் புரட்டுவது எல்லாம் பாடம். அதற்குமேல் தேவையானால் நர்ஸ். அதற்கும் மேல் டாக்டர். இப்போது டாக்டர் கடைசியில் வந்தார்.

எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. பதினாறு மணி நேரம் படித்தவர் நோயாளியின் உடம்பில் கை வைப்பதா என்ற கேள்வியை மருத்துவ வட்டாரங்களில் பலர் எழுப்பினார்கள். கேள்வி நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது. அரைகுறை அனுதாபம் ஆபத்தானது. நோயாளிக்குத் தெரியாத நோயின் பெயரை வாசலிலேயே சத்தமாகக் கேட்கிற தொண்டர் உதவியைவிடத் தொந்தரவே அதிகம் செய்வார். ஆனால் எதிர்க்கேள்வியும் இருந்தது. தகுதி பெற்றவர் வராத வீட்டுக்கு யார் போவது?

பணம் எப்படி வந்தது என்பதுதான் வெளியூர்க்காரர்களை வியக்கவைக்கும் பகுதி. கடைகளின் கல்லாப்பெட்டி அருகே ஒரு உண்டியல். பள்ளிப் பிள்ளைகளின் சில்லறை. நாளுக்கு ஒரு ரூபாய் என்று உறுப்பினர்கள். வளைகுடாவில் வேலை செய்கிறவர்களின் நன்கொடை. ஸகாத் கடமையுள்ள முஸ்லிம்கள் நிறைந்த மாவட்டம் என்பது உதவியது. ஆனால் கோயில் கமிட்டிக்காரரும் சர்ச்சுக்காரரும் அதே வண்டியில்தான் போனார்கள். பெரிய தொகை கொடுக்கிற ஒருவரைவிடச் சிறிய தொகை கொடுக்கிற ஆயிரம் பேர் பத்திரம் என்பது நடைமுறையில் தெரிந்தது. பெரிய தொகைக்காரர் அடுத்த ஆண்டு மனம் மாறலாம். ஆயிரம் பேரும் ஒரே நாளில் மனம் மாற மாட்டார்கள். அதோடு, உண்டியலில் காசு போட்டவர் தன் தெருவில் படுத்துக் கிடப்பவரைப் பற்றித் தகவலும் சொல்வார். அந்தத் தகவல் காசைவிட முக்கியம்.

இந்த வலைப்பின்னல் வளர்ந்தபோது புற்றுநோய் என்ற எல்லையும் தானாக அழிந்தது. மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளைஞன், பக்கவாதம் வந்த கிழவி, சிறுநீரகம் பழுதானவர், மனநோயாளி என்று தொண்டர்கள் போன வீடுகளில் எல்லாம் வேறு வேறு நோய். 'உங்களுக்குப் புற்றுநோய் இல்லை, ஆகவே வர முடியாது' என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது? டாக்டர்கள் சொல்லியிருக்கலாம். அண்டைவீட்டாரால் முடியவில்லை. நடக்க முடியாதவர்களுக்குக் குடை தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மழைக்குப் பேர்போன மாநிலத்தில் குடைக்கு விற்பனைக் கவலை இல்லை.

மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 2003-ல் இன்ஸ்டிடியூட் ஆஃப் பாலியேட்டிவ் மெடிசின் உருவானது. அதே ஆண்டில் ராஜகோபால் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா'வைத் தொடங்கி, கேரளத்துக்கு வெளியே வட மாநிலங்களில் ஆஸ்பத்திரிகளைத் தேடிப் போனார். சுரேஷ் குமார் ஊரைப் பிடித்துக்கொண்டார். ராஜகோபால் ஆஸ்பத்திரிகளையும் சட்டத்தையும் பிடித்துக்கொண்டார். இரண்டு வழிகளில் எது சரி என்று விவாதிப்பவர்கள் இத்துறையில் இன்றும் உண்டு. ஊர் இல்லாத ஆஸ்பத்திரி நோயாளியை வாசலில் விட்டுவிடும். மார்ஃபின் இல்லாத ஊர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மட்டுமே முடியும்.

2008-ல் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் ஒரு மாநில அரசு இப்படிச் செய்தது அதுவே முதல் முறை. பஞ்சாயத்துகள் இதற்குப் பணம் ஒதுக்கலாம், வீடுகளுக்குப் போக நர்ஸ் அமர்த்தலாம் என்று ஆனது. இரண்டு ஆண்டுகள் கழித்து லண்டனின் 'எகானமிஸ்ட்' குழுமம் 40 நாடுகளில் சாவின் தரத்தை அளந்தது. இந்தியாவுக்குக் கடைசி இடம், 40. அதே அறிக்கை கேரளத்தைத் தனியாகக் குறிப்பிட்டது. நாட்டின் மக்கள்தொகையில் 3 சதவீதம் உள்ள மாநிலம் நாட்டின் பாலியேட்டிவ் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்றது. கேரளப் பத்திரிகைகள் இரண்டாவது செய்தியைக் கொண்டாடின. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கொண்டாட அதிகம் இல்லை. மிச்ச 97 சதவீதத்துக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.

அரசு வந்ததில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. சம்பளம் வாங்கும் நர்ஸ் மழையிலும் வருவார், அது லாபம். ஆனால் பஞ்சாயத்து நர்ஸ் வருகிறாரே என்று அக்கம்பக்கத்தார் விலகிக்கொள்வதும் தொடங்கியது. ஒரு நாளில் இத்தனை வீடு என்று கணக்குக் காட்ட வேண்டிய நர்ஸுக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்து பழங்கதை கேட்க நேரமில்லை. அந்தப் பழங்கதைக்குத்தான் தொண்டர் தேவைப்பட்டார். கட்சிகள் தங்கள் தங்கள் பெயரில் பாலியேட்டிவ் அமைப்பு நடத்துவதும் கேரளத்துக்கே உரிய வளர்ச்சி. போட்டி போட்டுக்கொண்டு நோயாளியைக் குளிப்பாட்டுகிறார்கள் என்றால் நோயாளிக்கு நஷ்டமில்லை. கொடி நிறம் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால்தான் கவலை. 1990-களில் இளைஞர்களாகச் சேர்ந்த தொண்டர்களுக்கு இப்போது நரைத்துவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தொண்டர்களே நோயாளிகளாகும் காலம் வந்துகொண்டிருக்கிறது.

வேறு மாநிலங்களின் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் டாக்டர்களும் நர்ஸ்களும் இங்கே படிக்க வருகிறார்கள். வாங்கிய சரக்கைத் திருப்பி விற்கும் ஊர் என்பது பொய்யில்லை. வருகிறவர்கள் பலருக்கு மனதில் ஒரே கேள்வி: எங்கள் ஆஸ்பத்திரியில் இதைத் தொடங்க யார் பணம் தருவார்கள்? கோழிக்கோட்டின் அனுபவத்தைப் பார்த்தால் பணம் அவ்வளவு முன்னால் வரவில்லை. முதலில் வந்தது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு ஒரு நர்ஸிடம் பாடம் கேட்டது. பிறகு மருந்தைத் தடுக்கும் விதி எது என்று தேடிப் படித்தது. பெரிய நன்கொடையாளரைத் தேடும் நேரத்தில் வாசலில் இருக்கும் டீக்கடைக்காரரிடம் பேசியது. இன்னும் பல மாநிலங்களில் ஆஸ்பத்திரிகள் முதல் படியிலேயே நிற்கின்றன. எம்.டி. படிப்பு 2010-ல் அங்கீகரிக்கப்பட்டது, 2019-லிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திலும் இது சேர்ந்திருக்கிறது. இருந்தும், தேவைப்படும் நூறு இந்தியர்களில் நாலைந்து பேரைக்கூட இந்தச் சிகிச்சை எட்டவில்லை என்பதே பொதுவான மதிப்பீடு.

மலப்புறத்தில் காலை நேரத்தில் வீட்டுப் பராமரிப்பு வண்டி கிளம்பும்போது பார்க்க வேண்டும். நர்ஸின் பெட்டியில் பஞ்சு, கையுறை, சிறுநீர்க் குழாய், துர்நாற்றம் வீசும் புண்ணில் தூவப் பொடித்து வைத்த மெட்ரோனிடசோல் மாத்திரை. புண்ணின் நாற்றம் போனால் பேரப்பிள்ளைகள் மறுபடி கட்டிலருகே வருவார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த மருத்துவம். பின் சீட்டில் இரண்டு தொண்டர்கள். எந்த வளைவில் வண்டி போகாது, எந்த வரப்பில் நடக்க வேண்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு.

நோயாளி இறந்துபோன வீட்டுக்கும் வண்டி போகிறது. பெட்டி வண்டியிலேயே இருக்கும். தொண்டர்கள் திண்ணையில் உட்கார்ந்து கடைசி நாள் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். வீட்டுக்காரி சொல்லி முடிக்கும்வரை யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கிளம்பும்போது அவர் உள்ளே போய், மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளை ஒரு காகிதப் பொட்டலத்தில் கொண்டுவந்து கொடுப்பார். நர்ஸ் அவற்றை எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த வீடு எங்கே என்று கேட்பார்.